ஷவர் சுவரில் கருப்புப் பூஞ்சை: எடுப்பதற்கும் திரும்ப வராமல் வைப்பதற்கும் முழு வேலை வரிசை

மதுரையில் வாடகை வீடுகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளில் அதிகம் சொதப்பலாவது பாத்ரூம்தான். புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் சரி, ஞாயிற்றுக்கிழமை தானே செய்துவிடலாம் என்று இறங்கும் வீட்டுக்காரர்களும் சரி, கறுப்பைப் பார்த்ததும் கையில் அகப்பட்ட பாட்டிலைத் திறந்து ஊற்றிவிடுகிறார்கள். அன்றைக்குச் சுவர் வெளுத்துவிடும். ஐப்பசி மழை பிடித்ததும் அதே கோட்டில் மறுபடி கறுக்கும்.

இவர்கள் வாங்கும் பொருள் பெரும்பாலும் சரியானதுதான், போடுகிற வரிசைதான் தப்பு. முதலில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் போக வேண்டும். அடுத்து, தண்ணீர் விட்டுப்போன உப்புப் படிவு போக வேண்டும். அதன் பிறகே பூஞ்சைக்கு மருந்து. இந்த வரிசைக்கு இரண்டு நாள் வேண்டும், ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஏன் என்பது நான்காவது பகுதியில் வரும்.

1. படிந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள்

பாத்ரூம் நன்றாகக் காய்ந்திருக்கும் மதிய வேளையில், டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரச் சுவரில் எல்லாக் கறையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பூஞ்சை, டைல்ஸ் இடுக்கில் மிளகுத்தூள் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளியாக ஆரம்பிக்கும். நாளாக ஆகப் புள்ளிகள் சேர்ந்து கோடாகும். சோப்புத் தட்டுக்குப் பின்னால், ஷவர் குழாய்க்குக் கீழே, சுவரும் தரையும் சேரும் மூலையில் முதலில் பிடிக்கும்.

தரைச் சல்லடையைச் சுற்றியும் ஷாம்பு பாட்டிலுக்கு அடியிலும் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று இருப்பது பூஞ்சை இல்லை, அது பாக்டீரியா. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கடைசியில் பிளீச் கரைசல் தடவினால் போய்விடும்.

வெள்ளையாகக் கரடுமுரடாக இருப்பது போர் தண்ணீரின் உப்பு. இதன் மேல் எவ்வளவு பிளீச் ஊற்றினாலும் அசையாது. செம்பழுப்பாக வழிந்த தடம் இருந்தால் அது இரும்புக் கறை. அதில் பிளீச் பட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். பச்சையாக இருப்பது பாசி. வெயில் படும் கொல்லைப்புறக் குளியலறைகளில் வரும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பிளீச்சில் நனைத்து ஒரே ஒரு புள்ளியில் வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சை. அப்படியே நின்றால் அழுக்கோ வேறு கறையோதான்.

இன்னொன்று. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது எல்லாரையும் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை நோய், மியூகோர்மைகோசிஸ், இது இல்லை. அந்தப் பூஞ்சைக் கூட்டமே வேறு. பாத்ரூம் சுவரில் பெரும்பாலும் இருப்பது கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகள். அதற்காக அலட்சியமும் வேண்டாம். வீட்டில் வீசிங், சைனஸ், விடாத தும்மல் உள்ளவர்கள் இருந்தால் இந்தத் தூசி அவர்களைக் கிளப்பிவிடும். அவர்களை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

2. ஈரம் எங்கிருந்து வருகிறது?

குளித்த தண்ணீரால் வந்த ஈரம் என்றால் இந்த வழிகாட்டி போதும். சுவருக்கு உள்ளேயிருந்து கசிகிற ஈரம் என்றால், நீங்கள் எத்தனை தடவை சுரண்டினாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டைல்ஸுக்கு மேலே உள்ள வெறும் சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் பாலித்தீன் கவரை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு முழு நாள் அந்தப் பாத்ரூமில் யாரும் குளிக்க வேண்டாம். மறுநாள் கவரின் உட்பக்கம், சுவரைத் தொடும் பக்கம், நீர் முத்துகள் இருந்தால் சுவர்தான் ஈரத்தைக் கக்குகிறது. அதன் பிறகு குளித்துவிட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது ஆவி படிந்தது.

சுவருக்கு மறுபக்கமும் போய்ப் பாருங்கள். படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு, தொட்டால் பொரிந்து விழுகிறது என்றால் குழாய் ஜாயின்டிலோ தரையிலோ கசிவு இருக்கிறது. மாசி வீதிகளுக்கு உள்ளே ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் அந்தச் சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பாத்ரூம் இருக்கலாம். சண்டைக்குப் போகாமல், "அக்கா, உங்க பக்கம் ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

தரைக் கசிவைப் பார்க்க, நாணி டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் துளை) வாயை ஈரத்துணி சுற்றி அடைத்துவிட்டு, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் போடுங்கள். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் தெரியும். மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் முதலில் பிளம்பரும் கொத்தனாரும், பிறகுதான் பிரஷ். கீழ் வீட்டு மேற்கூரையில் ஈர வட்டம் இருக்கிறதா என்று கேட்பதும் இதே சோதனைதான்.

எவ்வளவு பரப்பு வரை நாமே செய்யலாம்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 10 சதுர அடி என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது, அதாவது சுமார் மூன்றடிக்கு மூன்றடி. நம் 4-க்கு 6 பாத்ரூமுக்கும் அது பொருத்தமான அளவு. கறுப்பு அதைத் தாண்டிப் பரவியிருந்தால் அனேகமாகக் கசிவோ காற்றோட்டக் கோளாறோ இருக்கும், சுரண்டல் வேலையை மட்டும் செய்து பயனில்லை.

3. வேலைக்கு முன் வாங்கிவைக்க வேண்டியவை

பாதி வேலையில் கடைக்கு ஓடினால் சுவரில் தடவியது காய்ந்துவிடும். எல்லாவற்றையும் முன்பே வாங்கி வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, மூடிய கண்ணாடி, என்95 முகக்கவசம். முகக்கவசம் பூஞ்சைத் தூசியைத் தடுக்கும், பிளீச் வாடையைத் தடுக்காது. அதற்குத் திறந்த ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான். போட்டிருக்கும் துணி பழையதாக இருக்கட்டும். ஒரு சொட்டு தெறித்தால் வெள்ளைப் பொட்டு விழுந்துவிடும்.

தேய்க்க, கெட்டியான நைலான் பிரஷ் ஒன்று, இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ் இரண்டு. கம்பி நார் வேண்டவே வேண்டாம். இடுக்கைக் கீறிவிடும், உதிரும் கம்பித்துண்டு துருப்பிடித்து புதுக்கறையாகும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப் ஆயில் அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட், கூடவே சலவை சோடா கால் கிலோ. உப்புப் படிவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 100 கிராம் போதும். மளிகைக் கடையில் கேட்டால் தருவார்கள். பூஞ்சைக்குத் திரவ பிளீச் அல்லது பிளீச்சிங் பவுடர், இரண்டில் ஒன்று. டிஷ்யூ பேப்பர் ஒரு ரோல்.

டிவிஎஸ் 50-யில் "ஆசிட், பினாயில், சோப் ஆயில்" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் சோப் ஆயில் வாங்கலாம். ஆசிட்டை விட்டுவிடுங்கள். அது உப்பைக் கரைப்பது உண்மை. கூடவே டைல்ஸ் இடுக்கின் சிமெண்டையும் கரைக்கும். இடுக்கு குழியாகும், குழியில் தண்ணீர் நிற்கும், அடுத்த பூஞ்சைக்கு நாமே தொட்டி கட்டிக் கொடுத்த கணக்கு.

4. ஆசிட்டும் பிளீச்சும் ஒரே நாளில் சேரக் கூடாது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னப் பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். பாத்ரூம் ஆசிட் மட்டும் அமிலம் இல்லை. வினிகர், எலுமிச்சை உப்பு, எலுமிச்சம்பழம் எல்லாமே அமிலம்தான். நீல பாட்டிலில் வரும் டாய்லெட் கிளீனர்களில் பெரும்பாலானவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ஒரே அறையில் ஷவரும் டாய்லெட்டும் இருந்தால், பிளீச் போடும் நாளில் டாய்லெட் கிளீனரைத் தொடாதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அப்படியே, அது வேறொரு நச்சு வாயுவைக் கொடுக்கும்.

நான் பார்த்தவரை யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. ஆசிட் ஊற்றிப் பார்ப்பார்கள், கறுப்பு போகாது, "இது வேலைக்கு ஆகலை" என்று அதன் மேலேயே பிளீச் ஊற்றுவார்கள். ஆகவேதான் உப்பு எடுப்பது ஒரு நாள், பிளீச் மறுநாள்.

மூக்கு எரிந்து, கண் கலங்கி, இருமல் வந்தால் அடுத்த நொடி வெளியே வாருங்கள். கதவைத் திறந்துவிடுங்கள். சரிசெய்கிறேன் என்று உள்ளே போய் வேறெதையும் ஊற்றாதீர்கள். மூச்சு இறுக்கம் தணியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் தண்ணீர் அடிப்பதற்கு முன் மின்பலகையில் அதற்கான எம்சிபியை (பிரேக்கர் சுவிட்சை) இறக்குங்கள். பாத்ரூம் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

5. முதல் நாள் காலை: பிசுக்கு

சுவரை முதலில் நனைத்துவிடுங்கள். காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் அதன் விதைத்தூள் அறை முழுக்கப் பறந்து உட்காரும்.

ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவும் கொஞ்சம் சோப் ஆயிலும் கலக்குங்கள். சுவரில் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, மேலிருந்து கீழாகக் கழுவிவிடுங்கள். சோப்புத் தட்டு, குழாய்க்குப் பின்புறம், கண்ணாடித் தடுப்பு இருந்தால் அதன் அலுமினியப் பள்ளம் ஆகியவற்றை டூத் பிரஷ்ஷால் தோண்டுங்கள். அந்தப் பள்ளத்திலிருந்து வரும் கறுப்புச் சளியைப் பார்த்தால் இந்தப் படியை ஏன் முதலில் வைத்தேன் என்று புரியும்.

நம் ஊரில் சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் உண்டு. சீயக்காய், அரப்பு, கடலை மாவு எல்லாம் அந்தச் சுவரில்தான் தெறிக்கிறது. எண்ணெய் இடுக்கில் படலமாக உட்காரும், பொடி அதில் ஒட்டும். பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. இதைக் கழுவாமல் பிளீச் போட்டால், பிளீச்சின் பலம் முழுக்க எண்ணெயோடும் சோப்போடும் மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் பூஞ்சை வரை அது போய்ச் சேராது. மேலாக நிறம் மட்டும் வெளுக்கும், வேர் பிழைத்துக்கொள்ளும்.

சோப்புத் தேய்ப்பிலேயே பாதிக் கறுப்பு வந்துவிடும். அதுவும் நல்லதுதான். செத்த பூஞ்சை சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஒவ்வாமையைக் கொடுக்கும். கொல்வதைவிடச் சுரண்டி வெளியேற்றுவது முக்கியம்.

6. அதே நாள் மதியம்: உப்பு

வெள்ளைப் படிவு இல்லாத சுவர் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கார்ப்பரேஷன் தண்ணீர் மட்டும் வரும் வீடுகளில் பெரும்பாலும் தேவைப்படாது. போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் கட்டாயம் தேவைப்படும். உப்புப் படிவு கரடாக இருக்கும், அதன் துளைகளில் ஈரம் நிற்கும், பூஞ்சை அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, டைல்ஸின் முகத்தில் மட்டும் துணியால் ஒற்றுங்கள். பத்து நிமிடம் போதும். பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினால் பொருக்காக வரும். இடுக்குகளில் முடிந்தவரை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையோ தட்டோ கடப்பா கல், மார்பிள், மொசைக் என்றால் எந்த அமிலமும் வேண்டாம், எலுமிச்சை உப்பு உட்பட. இவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பட்ட இடம் மெருகு போய் வெளுத்துவிடும், பாலிஷ் போடாமல் திரும்ப வராது. பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும் இந்தக் கணக்கில்தான்.

ஷவர் தலையில் துளை அடைத்திருந்தால் அதே கரைசலை ஒரு பாலித்தீன் பையில் ஊற்றி, தலை முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடுங்கள். அரை மணி நேரத்தில் கழற்றுங்கள். குரோம் பூச்சு போட்ட ஷவரை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பூச்சு மங்கிவிடும்.

முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஒரு தடவை, மறுபடி வெறும் தண்ணீரில் ஒரு தடவை. இடுக்கில் மிச்சமிருக்கும் அமிலத்தைச் சோடா முறித்துவிடும். பிறகு வைப்பர் போட்டு இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை வெளியே நிறுத்தி உள்ளே காற்று அடிக்கவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். அன்று இரவு அந்தப் பாத்ரூமில் யாரும் குளிக்கக் கூடாது.

7. மறுநாள்: பிளீச்

இடுக்கு எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். காய்ந்த இடுக்கு கரைசலை உறிஞ்சி உள்ளே இழுக்கும். ஈரமான இடுக்கில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கும், பிளீச் வழிந்து தரைக்குப் போய்விடும்.

திரவ பிளீச் என்றால் ஒரு டம்ளருக்குப் பத்து டம்ளர் பச்சைத் தண்ணீர். இதற்குமேல் கெட்டியாகப் போட்டால் பூஞ்சை கூடுதலாகச் சாகப் போவதில்லை, உங்களுக்குத்தான் மூச்சு முட்டும். சுடுதண்ணீரில் கலக்காதீர்கள். பிளீச் வேகமாகச் சிதைந்து பலமும் போகும், வாடையும் தூக்கும்.

பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி குவியலாக, சுமார் 15 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அதைச் சுவரில் பூசினால் வெள்ளைப் பூச்சாகக் காய்ந்து இன்னொரு நாள் வேலை வைக்கும். பவுடரை வாங்கும்போது வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த மூட்டையிலிருந்து கொடுத்தால் அதில் குளோரின் போய்ப் பல நாள் ஆகியிருக்கும்.

ஸ்ப்ரே பாட்டிலில் அடிக்காதீர்கள். அடிக்கிற சாரல் நேராக நெஞ்சுக்குத்தான் போகும். பிரஷ்ஷில் தொட்டு, கீழிருந்து மேலாக இடுக்கை ஒட்டித் தடவுங்கள். மூலைகளில் கரைசல் நிற்காது. டிஷ்யூ பேப்பரைத் திரி மாதிரி உருட்டி, கரைசலில் நனைத்து, கறுத்த கோட்டின் மேல் அழுத்தி ஒட்டிவிடுங்கள். பதினைந்து நிமிடம் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். இந்த ஒரு காரியத்தால்தான் சிலிக்கான் ஓரம் வெளுக்கும், வேறெதனாலும் இல்லை. குழாய், கதவுக் கீல் மீது பட்டதை உடனே துடையுங்கள். எவர்சில்வரும் குரோமும் பிளீச்சில் பொத்தல் விடும்.

அந்தப் பதினைந்து நிமிடமும் நீங்கள் வெளியே இருங்கள். பிறகு டூத் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, நிறையத் தண்ணீர், வைப்பர், ஃபேன். நிழல் தெரிந்தால் இன்னொரு நாள் மீண்டும் ஒரு முறை செய்யலாம். அதற்கும் போகாவிட்டால் பூஞ்சை இடுக்குக்கு உள்ளே போய்விட்டது, எட்டாவது பகுதிக்குப் போங்கள்.

பிளீச் வாடையே ஆகாத வீடுகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று கிடைப்பது சுமார் 6 சதவீதம். அதில் சம அளவு தண்ணீர் கலந்து, அதே பதினைந்து நிமிடம். நிறம் பிளீச் அளவுக்கு வெளுக்காது. இதையும் பிளீச்சோடோ வினிகரோடோ சேர்க்கக் கூடாது.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து நுரை பொங்கவைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். பார்க்க நன்றாக இருக்கும்.

8. கழுவினால் போகாத சிலிக்கானும் இடுக்கும்

சிலிக்கான் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். கறுப்பு அடிப்பக்கத்திலும் இருந்தால் அதை வெட்டி எடுப்பது ஒன்றே வழி. கட்டர் பிளேடால் இரு ஓரமும் கீறி, உரித்து, மிச்சத்தைச் சுரண்டி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பழையதன் மேலேயே புதியதை இழுப்பது ரொம்பப் பேர் செய்கிற வேலை. சிலிக்கான் சிலிக்கானில் ஒட்டாது, சில மாதத்தில் ஓரம் தூக்கி உள்ளே தண்ணீர் போகும்.

புதிதாக வாங்குவது பூஞ்சை எதிர்ப்பு உள்ள சானிட்டரி சிலிக்கானாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் சீவி, காய்வதற்கு முன் டேப்பை எடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

டைல்ஸ் இடுக்குக்கு வந்தால் கொத்தனாரோடு ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராக இருங்கள். "ஒயிட் சிமெண்ட் தேச்சு விட்டா பளிச்சுன்னு இருக்கும்ணே, எதுக்கு வீண் செலவு" என்பார். பளிச்சென்றுதான் இருக்கும், முதல் மழைக்காலம் வரை. வெறும் ஒயிட் சிமெண்ட் துளைகள் நிறைந்தது, சோப்பையும் எண்ணெயையும் குடிக்கும். நம் பக்கத்து வீடுகளில் இடுக்கு கறுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

ஷவர் சுவருக்கு மட்டுமாவது எபாக்சி கிரவுட் (இடுக்கை அடைக்கும் ரெசின் கலவை) போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. பழைய இடுக்கை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் தட்டி, நன்றாகக் காயவிட்ட பிறகு நிரப்ப வேண்டும். மேலாகப் பூசினால் தோலாக உரிந்து வரும். எபாக்சி சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் முகத்தில் வழிந்ததை அப்போதே துடைக்காவிட்டால் பிறகு உளிதான் வேண்டும்.

9. டைல்ஸுக்கு மேலே: சுவர், மேற்கூரை, பரண்

ஆவி மேலே போகிறது, ஏழடிக்கு மேல் டைல்ஸ் இல்லை. கறுத்த மேற்கூரைக்கு மேலேயே பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுப் போவது வாடகை வீடுகளில் வழக்கம். பூஞ்சை பெயின்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

கழன்ற பெயின்டை ஈரமாக்கிச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிளீச் கரைசலை ஸ்பாஞ்சில் ஒற்றி, கழுவித் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பிரைமர். தலைக்குமேல் செய்யும் வேலை என்பதால் கண்ணாடி இல்லாமல் ஏறாதீர்கள். வெறும் பூச்சுச் சுவர் தெரியும் வரை சுரண்டிவிட்டால், நல்ல சுண்ணாம்பு அடிப்பதே என் தேர்வு. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை லேசில் வளராது. தண்ணீர் தெறிக்கும் உயரத்தில் அது நிற்காது, மேற்கூரைக்குச் சரி.

பரணில் அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், கிழிந்த பாய் இருந்தால் எடுத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த அட்டையைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

10. திரும்ப வராமல் இருக்க

ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நின்றால் பூஞ்சைக்குப் போதும். ஆகவே தினம் ஒரு தடவையாவது சுவர் முழுக்கக் காய வேண்டும். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

கடைசியாகக் குளிப்பவர் சுவரில் வைப்பரை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு வர வேண்டும். ஒரு நிமிட வேலை. தரைக்கு ஒரு வைப்பர், சுவருக்குச் சின்னதாக ஒன்று வாங்கி ஷவருக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுங்கள். பரணில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் குளிக்கும்போதும் குளித்து முடித்து அரை மணி நேரமும் ஓட வேண்டும். அது ஓடினாலும் ஆவி போகவில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் கதவு தரையோடு உரசிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் ஃபேன் எதை வெளியே தள்ளும்? கதவடியில் அரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள். ஒரு டிஷ்யூ பேப்பரை ஃபேன் முகப்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது, விழுந்தால் இறக்கையில் ஒட்டடையும் பிசுக்கும் ஏறியிருக்கும்.

ஃபேன் இல்லாத வீடுகளில் மேலே ஒரு வென்டிலேட்டர் கண்டிப்பாக இருக்கும். கொசுவுக்கும் பல்லிக்கும் பயந்து அதில் பாலித்தீனோ தினசரித் தாளோ ஒட்டியிருப்பார்கள். பிய்த்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். அந்த வலையையும் அவ்வப்போது கழுவ வேண்டும், தூசி அடைத்தால் பாலித்தீனுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

சித்திரை வெயிலில் ஜன்னல் திறந்திருந்தால் நம் ஊர்ப் பாத்ரூம் ஒரு மணி நேரத்தில் தானாகக் காய்ந்துவிடும். அதே சித்திரையில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் வரிசையாகக் குளித்துக்கொண்டே இருந்தால் அது காயவே காயாது. அந்த வாரம் வைப்பர் வேலையை வீட்டுப் பிள்ளைகள் யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். மழைக்காலம் இதைவிட மோசம். தீபாவளி எண்ணெய்க் குளியல் ஐப்பசியிலேயே வந்து விழுகிறது, எண்ணெயும் ஈரமும் ஒன்றாகச் சேரும் நாள் அது. பலகாரம் சாப்பிட்டு முடித்த கையோடு, அன்றைக்கே, சோப்புத் தண்ணீரில் சுவரைத் தேய்த்துவிட்டால் கார்த்திகையில் கறுப்பு தெரியாது.

வாரம் ஒரு முறை சோப் ஆயிலும் பிரஷ்ஷும் போதும். பிளீச் வாராந்திர வேலைக்கு உரியது இல்லை, புள்ளி தெரிந்தால் மட்டும். உடம்பு தேய்க்கும் நைலான் நாரைக் குழாயில் சுற்றிவைக்காமல் வெளியே கொடியில் போடுங்கள். வாளியைக் கவிழ்த்துவையுங்கள். வழுக்காத ரப்பர் விரிப்பை ஜன்னலில் தொங்கவிடுங்கள், அதன் அடிப்பக்கம்தான் அறையிலேயே மிக அழுக்கான இடம். சொட்டுகிற ஷவருக்கு வாஷர் மாற்றுங்கள். சொட்டிக்கொண்டே இருக்கும் சுவரை எந்த வைப்பரும் காயவைக்காது.

சிலிக்கான், கிரவுட், மேற்கூரைப் பெயின்ட் மூன்றையும் ஆனி ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் செய்தால் எதுவும் உள்வரை காயாது, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். ஆடிக் காற்றில் இடுக்கு ஒரே நாளில் காயும். ஆடியில் புதுவீட்டு வேலையும் கிரகப்பிரவேசமும் குறைவு என்பதால், மற்ற மாதங்களில் போனே எடுக்காத கொத்தனார் இரண்டாவது ரிங்கிலேயே எடுப்பார்.